தணல் அவியும்வரை

அக்டோபர் 12, ஞாயிறு

இந்தக் குளிர் தேசத்துக்கு, மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. இன்றுதான் எழுதக் கை ஒழிந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மல்லிப்பொடி, பருப்புப்பொடி, பிரசவ மருந்து, சாம்பிராணிக் கட்டி எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. என் தைரியம் மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

என் மகள் வினோதினிக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் நான் ஊரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுததுதான் மிச்சம். இந்தத் தடவை விடுவேனா? சத்துணவுக்கூட வேலையில் ஓய்வு பெற்ற கையோடு பாஸ்போர்ட் எடுத்தேன். இவள் அப்பா, "குளிரு தாங்குவியா புஷ்பம்?" என்று கேட்டார். இருநூறு பிள்ளைக்கு உலை வைத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது!

நேற்று சனிக்கிழமை. சாயங்காலம் வினோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சவுனாவுக்குப் போயிட்டு வந்துர்றேம்மா" என்றாள். குளியலறைக்குப் பக்கத்தில், அனலில் உட்கார்ந்து வேர்த்துக் குளிப்பதற்கென்று பலகை அடித்த சின்ன அறை. மூலையில் கரண்ட் அடுப்பு, அதன் மேல் கல். எட்டிப் பார்த்தேன், முகத்தில் அனல் அடித்தது. எட்டாம் மாசம் தொடங்கப் போகிற பிள்ளைத்தாச்சி அடுப்புக்குள் போய் உட்காருகிறாள்!

"அடியே, பப்பாளிப் பழம் கூடச் சூடுன்னு உனக்குத் தரலையேடி நானு!"

"நர்ஸ்ட்ட கேட்டாச்சும்மா. கீழ் பலகையில, கொஞ்ச நேரம். இங்க எல்லாரும் போவாங்க."

மாப்பிள்ளை யான்னே அந்தக் கல்லின் மேல் அலுமினியத் தாளில் சுற்றிய, கறியை அரைத்து அடைத்த குழல்களை வைத்துக்கொண்டிருந்தார். மக்கரா என்று பெயர். குளித்து முடிப்பதற்குள் அது வெந்துவிடுமாம். கடுகுப் பசை தொட்டுத் தின்பார்களாம். குளிக்கிற இடத்திலேயே சமைக்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். கதவுக்கு வெளியே நின்று வினோ வினோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. மிளகு ரசம். பிள்ளை நன்றாக உதைக்கிறது. இப்படி உதைத்தால்தான் எனக்குத் தூக்கம்.

அக்டோபர் 18, சனி

சம்பந்தியம்மா இர்மெலி இதே முற்றத்தில், எதிர்வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபது வயசு. ஆடு வளர்க்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது, வினோ நடுவில் இருந்தால்தான் பேச்சு. ஆனாலும் ஆளைப் பிடித்திருக்கிறது. வெட்டிப் பேச்சில்லை. கை சும்மா இருப்பதில்லை.

ஏரிக்கரையில் அவருக்கென்று ஒரு பழைய சவுனா. புகைபோக்கியே கிடையாது. கல் அடுப்பில் விறகை எரித்தால் புகை அறைக்குள்ளேயே சுற்றி, சுவரில் இருக்கிற ஒரு துவாரம் வழியாக வெளியேறும். உள்ளே சுவரெல்லாம் தோசைக்கல் மாதிரிக் கறுப்பு. வெள்ளைப் புடவை உடுத்திப் போனால் சாம்பல் நிறத்தில் வரலாம்.

"அத்தை இங்கதாம்மா பொறந்தாங்க" என்றாள் வினோ. "அந்தக் காலத்துல பிரசவம் எல்லாம் சவுனாலதான். செத்துப்போனா குளிப்பாட்டுறதும் இங்கதான். கறிய உப்புப் போட்டுப் பொகையில வேகவைக்கிறதும் இங்கதான்."

பிள்ளை பெறுகிற இடத்திலேயே பிணம் கழுவி, அதிலேயே கறியும் தொங்கவிடுகிறார்கள். சிவ சிவா! சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னமோ சொன்னார். வினோ சிரித்தாள்.

"ஒங்கம்மா ஏன் பேயப் பாத்த மாதிரி நிக்கிறாங்கன்னு கேக்கறாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். நான் அரண்டுதான் போயிருக்கிறேன், மறைப்பானேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று மனசு கொஞ்சம் லேசு. சம்பந்தியம்மா ஆடு அறுத்திருக்கிறார். தொடை, சப்பை எல்லாவற்றிலும் கல்லுப்பைத் தேய்த்து மரத்தொட்டியில் அடுக்கினார். அட, இது நம் உப்புக்கண்டம்! நாம் வெயிலில் காயவைக்கிறோம், இவர்களுக்கு வெயில் இல்லாததால் புகையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். முந்தானையைச் செருகிக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தொடைக்கு மஞ்சள் தடவட்டுமா என்று சைகையில் கேட்டேன். அவர் மஞ்சளை மோந்து பார்த்து, நக்கிப் பார்த்து, தலையை ஆட்டினார். இரண்டு பேர் கையும் மஞ்சளும் ரத்தமுமாக இருந்தது. வினோ போட்டோ எடுத்தாள்.

வருகிற சனிக்கிழமை அவர்களுக்குக் கெக்ரி. அறுவடை முடிந்த பண்டிகை. சவுனாவைச் சூடாக்கி, செத்துப்போன முன்னோர் வந்து குளித்துச் சாப்பிட்டுப் போகட்டும் என்று உள்ளே சாப்பாடு வைப்பது பழைய வழக்கமாம். நாமும்தான் படையல் போடுகிறோம். ஆனால் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் இந்தச் சமயத்தில் எதற்கு செத்தவர்களைக் கூப்பிட வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். பயம் மட்டும் மூடவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

காலையிலேயே புகைச் சவுனாவில் நெருப்பு வைத்தாயிற்று. லெப்பா என்று ஒரு மரம், அந்த விறகுதான் கறிக்கு ருசியாம். கறியை மேலே கம்பில் தொங்கவிட்டிருக்கிறது. கொழுப்பு சொட்டித் தீப்பிடித்துவிடும் என்று சம்பந்தியம்மா வாசலை விட்டு நகரவே இல்லை. நான் அவருக்குச் சுக்குக்காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கறி வெந்து இறக்கிய பிறகு, அந்தச் சூட்டிலேயே நாளை எல்லாரும் குளிப்பார்களாம். அதற்கு ஒரு கட்டளை போட்டார். வினோ எனக்குச் சொன்னாள்.

"தணல் முழுசா அவியணுமாம்மா. மிச்சத்த அள்ளி வெளிய கொட்டணும். தொவாரத்தத் தெறந்தே வைக்கணும். அப்புறம் மொதத் தண்ணிய அவங்கதான் கல்லுல ஊத்துவாங்க. அந்த ஆவி வெளிய போனப்புறம்தான் ஆள் உள்ள போகணும். அதுவரைக்கும் யாரும் போகக் கூடாது."

"பொகை கண்ணக் கரிக்கும்னு சொல்றாங்களா?"

"அப்படித்தாம்மா இருக்கும். பொகையில என்னமோ விஷம்னு சொல்றாங்க."

புகைக்கு இவ்வளவு ஜாக்கிரதை நியாயந்தான். எத்தனை வருஷம் சத்துணவுக்கூடத்தில் கண்ணைக் கசக்கியிருக்கிறேன். ஆனால் புகை நின்ற பிறகு தணலுக்கு என்ன பயம்? புகை இல்லாத தணல்தான் நல்ல தணல். வினோ பிறந்தபோது கதவு சன்னல் எல்லாம் சாத்தி, கட்டிலுக்கு அடியில் தணல் வைத்துச் சாம்பிராணி போட்டுத்தான் என்னைப் படுக்கவைத்தார்கள். நான் கெட்டா போனேன்?

எனக்குப் பயமெல்லாம் அந்த முதல் தண்ணீரில்தான். ஊற்றியதும் எழுகிற ஆவி காதைச் சுடுமாம். அந்த அனலில் என் பிள்ளை உட்காருவாளா?

நவம்பர் 1, சனி, பிற்பகல்

கறி இறக்கியாயிற்று. தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கிறது. சம்பந்தியம்மா அதை வீட்டுக்குள் எடுத்துப் போயிருக்கிறார். மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறார். நான் சவுனாவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். புகையே இல்லை. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடியில் கொஞ்சம் தணல் கண் சிமிட்டுகிறது. இதுதானே சரியான பதம்! சம்பந்தியம்மா வந்து தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பதற்குள் வினோவைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, உடம்பைத் துடைத்து அழைத்துவந்துவிட்டால், அப்புறம் அவள் அந்த அனலுக்குள் போக வேண்டியதில்லை. அவள் ஆசையும் தீரும், என் பயமும் தீரும்.

அந்தத் துவாரம் வழியாக ஏரிக்காற்று ஊசி மாதிரி வருகிறது. பிள்ளைத்தாச்சி முதுகில் பட்டால் ஜன்னி கண்டுவிடும். கம்பளிச் சால்வையை எடுத்துக்கொள்கிறேன். சாம்பிராணிக் கட்டியும்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வினோவுக்கு மூக்கிலும் வாயிலும் மூடி போட்டு ஆக்சிஜன் போகிறது. எனக்கும் நேற்றுப் போட்டார்கள், எடுத்துவிட்டார்கள். தலை வெடிக்கிறது.

வினோவின் வயிற்றில் பட்டை கட்டியிருக்கிறார்கள். பிள்ளையின் இதயம் அந்தப் பெட்டிக்குள் டப் டப்பென்று ஓடுகிறது. அது கொஞ்சம் மெதுவானாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பிள்ளையாரப்பா, என்னை எடுத்துக்கொள், அதை விட்டுவிடு.

நடந்தது இதுதான். உள்ளே உட்கார்ந்திருந்தோம். வினோ தலை வலிக்குது என்றாள். சூடு என்று நினைத்தேன். வாந்தி வருது என்றாள். அப்புறம் என் தோளில் சாய்ந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் காலை எடுத்துவைக்க முடியவில்லை. கதவு திறந்தது. சம்பந்தியம்மா அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்துப் புல்லில் போட்டார். திரும்ப வந்து என்னை இழுத்தார். எழுபது வயசு மனுஷி.

தணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, வாசனையே இல்லாத ஒரு விஷக்காற்று வருமாம். புகை நின்ற பிறகும் வருமாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார், வினோவின் சிநேகிதி ஒருத்தி போனில் தமிழில் சொன்னாள். அம்மாவைவிட வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அது அதிகம் ஏறுமாம்.

என் சால்வையைக் காணோம். போகட்டும்.

நவம்பர் 3, திங்கள்

மாப்பிள்ளை தன் அம்மாவை நடையில் நிற்கவைத்துக் கத்தினார். பாஷை தெரியாவிட்டால் என்ன, கத்துவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். தணலை அள்ளாமல், துவாரத்தைத் திறக்காமல் விட்டது யார் என்று கேட்டாராம், வினோ சொன்னாள். சம்பந்தியம்மா கையில் இன்னும் கரி போகவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளை என்னிடமும் கேட்டார். "அத்தை, உள்ள போறப்ப என்ன நடந்திச்சு?" வினோ சொல்லிக்கொடுத்த தமிழ்.

தெரியவில்லை என்றேன். தலைவலி, ஒன்றும் ஞாபகமில்லை என்றேன்.

தலைவலி நிஜம்.

நவம்பர் 5, புதன்

காலையில் பிள்ளை அசைந்தது. அப்புறம் வெகுநேரம் இல்லை. வினோவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் ஒரு உதை. ஒன்றே ஒன்று.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டதற்கு, பிறந்து வளர வளரத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். வளர வளர! அதுவரை நான் எதைத் தின்று எப்படித் தூங்குவது?

சம்பந்தியம்மா இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். சவுனாவை இடித்துவிட ஆள் பார்க்கிறார். பிள்ளை பிறந்தால் அவர் கையில் கொடுக்க மாட்டாராம். அந்த அம்மா தினமும் படியில் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார். கறி சூப், அடுப்பில் வாட்டிய கிழங்கு. மாப்பிள்ளை அப்படியே எடுத்துக் கொட்டிவிடுகிறார். கெக்ரிக்கு ஆக்கிய கறி முழுசும் அவர் கொட்டகையில் தொங்குகிறது, தொட ஆளில்லை.

ஊரிலிருந்து போன். "அவுக கவனக்கொறைவுக்கு நம்ம பிள்ளையா பலி?" என்று குதித்தார் இவள் அப்பா. "நீ பக்கத்துல இருந்ததால தப்பிச்சா. நீ என்னம்மா செய்வ பாவம்."

நான் என்ன செய்வேன். நான் என்ன செய்தேன் என்றால்

அடுப்பில் பால் பொங்குகிறது.

நவம்பர் 12, புதன்

வினோ என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள். "யான்னே அம்மாவ நான் மன்னிக்கவே மாட்டேம்மா. நீ மட்டும் வரலைன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். விரல் மரத்துப்போனது. சொன்னால் இவள் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவாள். பிரசவத்துக்கு யார் இருப்பார்கள்? சொல்லாவிட்டால் அந்த அம்மா சாகும்வரை பேரப்பிள்ளையைத் தூக்க முடியாது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

இங்கே எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. வினோ வருவதற்கு முன்னாலேயே துவாரத்தில் சால்வையைத் திணித்தது நான். அவிந்துகொண்டிருந்த தணலைக் கிளறிச் சாம்பிராணி போட்டது நான். எல்லாம் ஆயிற்று வா என்று அவளைக் கூட்டிப்போய், கதவை இழுத்துச் சாத்தியது நான். குளிர் படாமல் பார்க்கிறேன் பேர்வழி என்று என் மகளையும் அவள் பிள்ளையையும் விஷத்துக்குள் பூட்டிவைத்தேன்.

நவம்பர் 15, சனி

ஊரெல்லாம் சனிக்கிழமைச் சவுனா. ஏரி ஓரம் முழுக்கப் புகை தெரிகிறது, இந்த முற்றத்தில் மட்டும் இல்லை. வினோ படுத்திருந்தாள், மாப்பிள்ளை வேலையில் இருந்தார். நான் எதிர்வீட்டுக்குப் போனேன்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, கறியைத் தாள் மாதிரி சீவி மேலே வைத்தார். மஞ்சள் தடவிய தொடை. வாயில் வைத்தேன். நல்ல ருசி, சத்தியமாக நல்ல ருசி. அழுகை வந்துவிட்டது.

தமிழிலேயே சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் சம்பந்தியம்மா. நான்தான் அடைச்சேன். நீங்க இல்ல, நாந்தான்." ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது என்று தெரிந்ததால்தான் வாய் வந்தது. என் தைரியம் அவ்வளவுதான்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முஷ்டியை மடக்கிச் சுவரில் எதையோ திணிப்பதுபோல் காட்டினார். அப்புறம் அதைப் பிடுங்கி எடுப்பதுபோல் காட்டினார். அப்புறம் விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தார்.

அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

இன்னொரு துண்டு ரொட்டியை என் தட்டில் வைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஏன் சொல்லவில்லை? பெற்ற பிள்ளை மூஞ்சியில் அடித்த மாதிரி கத்துகிறான், இந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. எனக்காகவா? என்னை அவருக்கு என்ன தெரியும், ஒரு தொட்டிக் கறிக்கு உப்பு தேய்த்த பழக்கம். நாளைக்கே கோபம் வந்து சொல்லிவிட்டால்? போன் அடித்தால் திடுக்கென்கிறது. எதிர்வீட்டுக் கதவு திறந்தால் திடுக்கென்கிறது. உண்மை இவ்வளவு கிட்டத்தில் குடியிருந்தால் சோறு எப்படி இறங்கும்?

நவம்பர் 24, திங்கள்

ஸ்கேன். டாக்டர் நல்லா இருக்கு என்றார். கூடவே ஒரு 'இப்போதைக்கு' போட்டார். வினோ அந்த வார்த்தையைத் தமிழில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து பனி கொட்டுகிறது. மாப்பிள்ளை டவுனுக்கு வேலைக்குப் போயிருந்தார். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வினோ அம்மா என்று கத்தினாள். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பனியில் லாரி ஒன்று குறுக்கே விழுந்து ரோடு அடைத்திருக்கிறதாம், வர நேரமாகும், யாராவது காட்டுவழியாக எதிரே கொண்டுவர முடிந்தால் நல்லது என்றார்கள். மாப்பிள்ளையும் அந்த அடைப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வலி விட்டு விட்டு வந்தது. அப்புறம் விடாமல் வந்தது.

நான் செருப்புக் கூடப் போடாமல் முற்றத்தில் ஓடினேன். கதவைத் தட்டுவதற்குள், வினோ கத்தியது கேட்டிருக்க வேண்டும், சம்பந்தியம்மா கோட்டு மாட்டிக்கொண்டு சாவியோடு வெளியே வந்துவிட்டார். ஆடு ஏற்றுகிற அவருடைய பழைய வேனைப் படிக்கருகில் கொண்டுவந்து நிறுத்தினார்.

வினோ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க வண்டியில நான் ஏற மாட்டேன். என் பிள்ளைய ஒரு தடவ கொல்லப் பாத்தாச்சு. ஏற மாட்டேன்!"

"ஏறுடி, நேரமில்ல!"

"மாட்டேம்மா! எனக்கு அவங்களப் பாத்தாலே பயமா இருக்கு!"

அடுத்த வலி வந்து அவள் மடங்கினாள். அந்த அம்மா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றார். கிட்ட வரவில்லை. இன்னும் எதைக் காப்பாற்றப் போகிறேன் நான்?

"அவங்க இல்ல வினோ. நான்."

"என்ன நீ?"

"தொவாரத்த அடைச்சது நான். என் சால்வைய வச்சு அடைச்சேன். தணலக் கெளறினதும் நான். ஒனக்குக் குளிரும்னு. அவங்க சொன்ன எதையும் நான் கேக்கல. உன்னக் காப்பாத்துனது அவங்கதான். அவங்களுக்கு எல்லாம் தெரியும்டி, என்னக் காட்டிக்குடுக்கல. வண்டியில ஏறு."

வினோ என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அப்புறம் சம்பந்தியம்மாவிடம் அவர்கள் பாஷையில் ஒரு கேள்வி கேட்டாள். அவர் இரண்டு மூன்று வார்த்தையில் பதில் சொன்னார். வினோ நிலைப்படியை விட்டாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நீ வராதே" என்றாள்.

வேன் போய்விட்டது. காலில் உணர்ச்சி போகும்வரை வாசலிலேயே நின்றேன், அப்புறம்தான் உள்ளே வந்தேன். தோசை கரிந்து வீடெல்லாம் புகை. எல்லாச் சன்னலையும் திறந்து வைத்தேன். பனி உள்ளே விழுந்தது, விழட்டும்.

போன் அடிக்கவில்லை. நான் அடிக்கப் பயந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் வேன் சத்தம். சம்பந்தியம்மா மட்டும் இறங்கினார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அப்படியே முகத்தைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டினார். அப்புறம் வாயைப் பெரிசாகத் திறந்து, பிள்ளை அழுகிற மாதிரி கத்திக் காட்டினார். எழுபது வயசு மனுஷி என் அடுப்படியில் நின்று ங்கா ங்கா என்று அழுது காட்டினார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, தூக்கி நிறுத்தினார்.

வினோ என்னைக் கூப்பிட்டாளா என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் வைத்தேன், கை தானாகவே வைத்தது. தூக்கில் அடைத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி வேனில் வைத்துவிட்டு, மறுபக்கத்துக் கதவைத் திறந்துபிடித்தார்.

ஆஸ்பத்திரி நடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் அம்மா பையிலிருந்து ரொட்டியும் சீவிய கறியும் எடுத்து நீட்டினார். அவர் வாங்கி, நின்றபடியே, அழுதுகொண்டே தின்றார்.

உள்ளே வினோ. பக்கத்தில் கண்ணாடித் தொட்டிலில் பெண் பிள்ளை. சிவப்பாக, கையை முறுக்கிக்கொண்டு கிடந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். வினோ என் பக்கம் திரும்பவில்லை. சம்பந்தியம்மா கொண்டுபோய் வைத்த தூக்கைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். பாதி சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"நேத்து வண்டியில அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? 'யான்னே என் பிள்ள, எப்படியும் திரும்பி வருவான். பிரசவத்துக்கு உனக்கு உன் அம்மா வேணும்'னு சொன்னாங்க. அதுக்குத்தான் சும்மா இருந்தாங்களாம்."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"கோவம் போகலம்மா எனக்கு. எப்பப் போகும்னும் தெரியல."

"வேணாம். போக வேணாம். நான் ஊருக்குப் போயிர்றேன்."

"டாக்டர் வந்தாங்க. எல்லாம் நல்லா இருக்காம், இப்போதைக்கு. சிரிக்கணும், தலை நிக்கணும், தவழணும், நடக்கணும். ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வரணுமாம்." தொட்டிலைப் பார்த்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "ஒனக்குப் பயமா இருக்கா?"

"இருக்குடி. உசுரே நடுங்குது."

"எனக்கும்தான்" என்றாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். "அங்க நின்னு நடுங்காத. இங்க வந்து உக்காரு."